யாரும் பார்க்காத மலைக்கு உயரம் எப்படிப் போட்டார்கள்?

தக்கலைக்காரன்:
அண்டார்டிகாவில் கம்பூர்த்செவ் என்று ஒரு மலைத்தொடர் இருக்கிறதாம், ஆல்ப்ஸ் அளவு பெரியது, ஆனால் ஒரு பாறை முனைகூட வெளியே தெரியாமல் முழுக்கப் பனிக்கு அடியில் கிடக்கிறது. மகள் இதை எங்கேயோ படித்துவிட்டு, "யாருமே பார்க்காத மலைக்கு எப்படிப்பா உயரம் போட்டாங்க?" என்று பிடித்துக்கொண்டாள். எனக்கு மலை என்றால் மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற வேளிமலைதான். துளை போட்டுப் பார்த்தார்களா?

குலசேகரம்_காற்று:
துளை இல்லை சார். 1958இல் சோவியத் குழு ஒன்று பனிமேல் பயணம் போகும்போது, அங்கங்கே வெடி வைத்து எதிரொலி திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்துகொண்டே போனது. கண்டத்தின் நடுப்பகுதி ஆயிற்றே, அடியில் சமவெளிதான் இருக்கும் என்பது அன்றைய நினைப்பு. எதிரொலி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்ததும், பாறை இவ்வளவு மேலே உயர்ந்து நிற்கிறதா என்று திகைத்துப் போனார்கள். கம்பூர்த்செவ் என்பது ரஷ்யப் புவி இயற்பியலாளர் ஒருவரின் பெயர், அவர் 1955லேயே இறந்துவிட்டார்.

பழையாறு:
அது தொடக்கம்தான். முழு வரைபடம் 2008-09இல் வந்தது. ஏழு நாட்டுக்காரர்கள் சேர்ந்து, பனிச்சறுக்குக் கட்டை மாட்டிய இரண்டு சின்ன விமானங்களில் ரேடாரை வைத்து, வயலில் உழவு சால் போடுவதுபோல முன்னும் பின்னும் பறந்தார்கள். ரேடியோ அலை குளிர்ந்த பனியை ஊடுருவிப் போய்ப் பாறையில் பட்டுத் திரும்பும், அந்த நேரத்தை வைத்துப் பனியின் ஆழத்தையும் அடியில் உள்ள மலையின் உயரத்தையும் கணக்குப் போடலாம். சிகரங்களுக்கு மேலேயே சில நூறு மீட்டர் பனி, பள்ளத்தாக்குகளில் 3 கிலோமீட்டர் வரை.

தக்கலைக்காரன்:
சரி, அவ்வளவு பனி அழுத்தினால் மலை தேய்ந்து மொட்டையாகி இருக்காதா?

பழையாறு:
அதுதான் இதில் வேடிக்கை. அடிப்பனி பாறையோடு உறைந்து ஒட்டிக்கொண்டால் நகராது, நகராவிட்டால் அரைக்காது. அதனால் சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் பனி மூடியபோது இருந்த கூர்முனைகளும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. நம்ம ஊரிலோ மழைகூட வேண்டாம், கல்குவாரி லாரியே போதும்.

மருதுவாழ்_அடிவாரம்:
மகளிடம் இதையும் சொல்லுங்கள் அண்ணே. பாறையைத் தொட வழியில்லாததால், அந்தப் பக்கத்திலிருந்து லாம்பர்ட் பனியாறு பிரிட்ஸ் விரிகுடாக் கடலோரம் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் சிர்க்கான் என்ற, பாறையின் வயதைக் காட்டும் கனிம மணிகளைப் பொறுக்கி வயது பார்த்தார்கள், பல 50 கோடி ஆண்டுக்கும் முந்தையவை. அந்த விரிகுடாப் பக்கம்தான் நம்ம பாரதி ஆய்வு நிலையமும் இருக்கிறது. கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் இருந்த காலத்தில் இந்தியாவும் இலங்கையும் கிழக்கு அண்டார்டிகாவும் ஒட்டிக் கிடந்தவை, நாகர்கோவில் பக்கம் வெட்டுகிற அதே சார்னோக்கைட் பாறை அங்கேயும் உண்டு. சிர்க்கான் பார்க்க வேண்டுமானால் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே கிடக்கிறது.