ஃபூக்கோ பற்றிய 1936ஆம் ஆண்டுத் திரைப்படம் – உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். புனித சார்லஸ் தெ ஃபூக்கோவின் வாழ்வை வைத்து லெயோன் புவாரியே 1936இல் இயக்கிய ‘லப்பெல் து சிலான்ஸ்’ என்ற பிரெஞ்சுப் படத்தின் தெளிவான படி, ஆங்கில வசன வரிகளுடன் எங்கே கிடைக்கும் என்பதை அறிந்தவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இறையழைத்தலுக்காகச் செபிக்கும் நல்லாயன் ஞாயிறன்று எங்கள் பங்கின் இளையோருக்கு அதைத் திரையிட விரும்புகிறோம்.

பிரான்சில் பொதுமக்களிடம் சந்தா திரட்டி எடுக்கப்பட்ட படம் இது. களியாட்டத்தில் திளைத்த படை அதிகாரியான ஃபூக்கோ, துறவியாகி, சகாராவின் தமன்ராசெத்தில் துவாரெக் மக்களிடையே குடியேறி, அவர்களுடைய மொழிக்கு அகராதி தொகுத்து, 1916 டிசம்பர் 1 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். உயிரோடிருந்தவரை அவருடன் தங்கி வாழ ஒரு சீடர்கூட நிலைக்கவில்லை. அவருடைய வழியில் முதல் துறவறச் சகோதரர்கள் அல்ஜீரியாவின் எல் அபியோதில் கூடியது 1933இல்தான். அழைத்தலைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான வாழ்வு எனக்குத் தெரியவில்லை.

ஆனால், பிரெஞ்சுக் காலனி ஆட்சி உச்சத்திலிருந்த காலத்தின் படைப்பு என்பதால், மறைப்பணியையும் படையையும் ஏன் ஒன்றாகப் போற்றுகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள் (கேட்கவும் வேண்டும்). அதைப் பற்றிய நல்ல கட்டுரைகள் இருந்தாலும், பங்கு மன்றத்தில் கட்டணமின்றித் திரையிட யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பது தெரிந்தாலும் எழுதுங்கள்.