ரைஃபிள் ரேஞ்ச் பிளாட் அவ்வளவு மோசமா? தனியாளுக்கு வீடு எங்கே?

மேகலா:
வெள்ளிக்கிழமை இரவில் நாங்கள் சிலர் சோற்றுப் பொட்டலம் கொடுக்கப் போவோம். பினாங்கு ஜார்ஜ்டவுனில், லெபு சூலியா தெருவில், ஒரு கடையின் ஐந்தடியில் (கடை முன்னால் கூரை போட்ட நடைபாதை) படுக்கும் அண்ணன் ஒருவர், லோரியில் சாமான் ஏற்றி இறக்குகிறார். "வேலை இருக்கும்மா, படுக்கத்தான் இடமில்லை" என்றார். கடை திறக்கும் முன் அட்டைப்பெட்டியை மடித்துத் தூணுக்குப் பின்னால் செருகிவிடுவாராம். திரும்பும் வழியில் கூட வந்தவர் ஆயர் ஈத்தாமில் உள்ள ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடி பிளாட்டைக் காட்டி, "இந்த மாதிரி புறாக்கூட்டை இனி யாரும் கட்டவே கூடாது" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள். இந்த அண்ணன் மாதிரி ஆளுக்கு மலிவு வீடு ஏன் அமையவில்லை?

துரை:
நான் பிறந்து வளர்ந்ததே அங்கேதான், பதினோராவது மாடி. 1960களில் கட்டத் தொடங்கியது. ஒன்பது பிளாக், 3,699 வீடு. சுவர்களைத் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து அடுக்கினார்கள். அதனால்தான் எல்லாம் ஒரே முகமாக இருக்கிறது. அழகு என்று சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா தனியாக இருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஒரு பாய், ஒரு அடுப்பு, ஒரு ரேடியோ, அவ்வளவுதான். காலையில் ரேடியோ பாடவில்லையென்றால் அம்மா போய்க் கதவைத் தட்டுவார். ஒருநாள் தட்டியும் திறக்கவில்லை. அன்று காலையிலேயே ஊருக்குத் தெரிந்தது.

அந்த வீடு சின்னது. ஆனால் ஒற்றை ஆளுக்குப் போதும். இப்போது பி.பி.ஆர். வீடு, அதாவது அரசாங்கத்தின் மலிவு வாடகை வீடு என்றால் 700 சதுர அடி, மூன்று அறை, மாத வாடகை 124 வெள்ளி (ரிங்கிட்). நல்ல திட்டம்தான், ஆனால் குடும்பத்தை நினைத்துக் கட்டியது. உங்கள் அண்ணன் தனிக்கட்டை.

முன்பு அவரைப் போன்றவர்கள் டவுனில் கடைவீட்டு மாடியில் பலகை தடுத்த அறையில் இருந்தார்கள். போருக்கு முந்திய கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை ஏறவிடாமல் கட்டிவைத்திருந்தது. 1997இல் அதை ரத்து செய்யச் சட்டம் வந்தது. 2000 பிறந்தபோது கட்டுப்பாடு போய்விட்டது. 2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அந்த மாடிகளில் எத்தனையோ இன்று ஹோட்டல். அறை போனது, ஐந்தடி மிஞ்சியது. புறாக்கூடு என்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரோஜா:
துரை அண்ணன் சொல்வது சரி, ஆனால் லிப்ட்டை விட்டுவிட்டார். நாங்கள் இருப்பது வேறொரு மலிவு விலை பிளாட், பதினாலாவது மாடி. போன வருஷம் லிப்ட் இரண்டு வாரம் ஓடவில்லை. அம்மாவை டயாலிசிஸுக்கு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நானும் தம்பியும் படியிறக்கினோம். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அம்மா, "கை வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அதே மாதம் வெளிச்சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். உயரமாகக் கட்டுங்கள், சின்னதாகவும் கட்டுங்கள். ஆனால் லிப்ட் பழுதுபார்க்கும் பணத்தை முதல் நாளே தனியாக எடுத்துவையுங்கள்.

மேகலா:
இருவருக்கும் நன்றி. நேற்று அண்ணனிடம் எப்படிப்பட்ட அறை வேண்டும் என்று கேட்டேன். எத்தனை மாடி என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "பூட்டு இருக்குமா? வேலைக்குப் போகும்போது பையை வச்சிட்டுப் போகணும்" என்றார். அடையாள அட்டை, மருந்து, இரண்டு சட்டை எல்லாம் அந்தப் பையில்தான். லோரியில் ஏறும்போதும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டேதான் ஏறுகிறார்.