பழைய ஃப்ரிட்ஜில் ட்ராஃப்ட் பியர்: கிளாஸ் நிறைய நுரை மட்டும்தான் வருகிறது, உதவி தேவை

மேக்கணக்கு:
நுவரெலியா டவுனுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறோம். வீட்டில் சும்மா கிடந்த பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜை ட்ராஃப்ட் பியர் பெட்டியாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். தட்டுகளைக் கழற்றி, அடியில் பலகை போட்டு கெக்கை (பியர் பீப்பாயை) நிற்க வைத்தாயிற்று. பியரைத் தள்ளுகிற காபனீரொட்சைட்டு கேஸ் சிலிண்டர் வெளியே, ரெகுலேட்டரில் அமுக்கம் 12 பி.எஸ்.ஐ.யில். கெக்கிலிருந்து இரண்டு முழ நீளத்துக்கு ஹார்ட்வெயாரில் வாங்கிய கால் அங்குல ட்யூப், முனையில் அமுக்கித் திறக்கிற பிளாஸ்டிக் குழாய். இப்போதைக்குக் கதவைத் திறந்துதான் ஊற்றுகிறேன்.

கிளாஸில் முக்கால்வாசி நுரை, அடியில் ஒரு மடக்கு பியர். நுரையைக் குறைக்கலாம் என்று 8க்கு இறக்கினேன், அன்றைக்குப் பரவாயில்லை, மறுநாள் இன்னும் மோசம், ட்யூபுக்குள்ளேயே இடைவெளி விட்டு விட்டுக் குமிழி நிற்கிறது. கொழும்புப் பக்கம் வத்தளையில் இருக்கும் மச்சான் இதே மாதிரி செய்து வைத்திருக்கிறான், அவனுக்கு 12ல் ஜம்மென்று வருகிறது. இன்னொன்று, நிரந்தரக் குழாய்க்குத் துளை போடுவது கதவிலா, பக்கச் சுவரிலா?

பதுளைப் பொடியன்:
அண்ணே, நுவரெலியாவில் பியருக்கு ஃப்ரிட்ஜ் எதற்கு? ஜன்னலோரம் வைத்தால் போதாதா? 1881ல் பியர் ஆலையே அங்கேதானே போட்டார்கள். அது சரி, பியர் சொந்தக் காய்ச்சலா? லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சினால் வீட்டுக்கு ஆள் வரும், பார்த்து.

மேக்கணக்கு:
காய்ச்சவெல்லாம் இல்லை தம்பி, ஒரு விசேஷத்துக்கு ஹோட்டல் வழியாக எடுத்த கெக். ஜன்னலோரம் ராத்திரிக்குச் சரி, பகலில் வெயில் வந்தால் அறை 20 பாகையைத் தொடும்.

ஹட்டன் வயர்மேன்:
தம்பி, பியர் எத்தனை பாகையில் இருக்கிறது? ஃப்ரிட்ஜ் நம்பரைச் சொல்ல வேண்டாம், கையை வைத்துப் பார்த்தும் சொல்ல வேண்டாம், நம் ஊரில் கைக்கு எல்லாமே ஜில்லென்றுதான் இருக்கும். முதல் கிளாஸை ஒதுக்கிவிட்டு இரண்டாவது கிளாஸில் தெர்மோமீட்டரை வையுங்கள். மச்சான் போட்டிருக்கும் ட்யூப் என்ன அளவு என்றும் கேளுங்கள்.

மேக்கணக்கு:
8 பாகை காட்டுகிறது. மச்சானிடம் கேட்டேன், அவனுடையது ஒல்லி ட்யூப், 3/16 அங்குலம், கெக்குக்கு மேலே வளையமாகச் சுற்றி வைத்திருக்கிறான். நீளம் பத்தடி இருக்குமாம்.

பண்டாரவளை சோடாக்கடை:
அப்படியானால் இது இதே மாதிரி இல்லையே. மூன்று விஷயம் சேர்ந்து உங்களைப் படுத்துகிறது.

முதலில் சூடு. பியர் எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு கேஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 8 பாகையில் 12 பி.எஸ்.ஐ. போதாது, கேஸ் பியரை விட்டுக் கழன்றுவிடும், ட்யூபில் நீங்கள் பார்க்கிற குமிழி அதுதான். பிரஷரை இறக்க இறக்க இன்னும் கழலும், அதனால்தான் மறுநாள் மோசமானது. தெர்மோஸ்டாட்டைத் திருகி 3 பாகைக்குக் கொண்டுவாருங்கள். கெக் குளிர ஒரு முழு நாள் பிடிக்கும், அவசரப்பட வேண்டாம்.

அடுத்தது உயரம். இதை வத்தளைக்காரர் யோசித்திருக்க மாட்டார். ரெகுலேட்டர் முள் காட்டுவது வெளிக்காற்றின் அமுக்கத்துக்கு மேலே எவ்வளவு என்பதை மட்டும்தான். கடல் மட்டத்தில் வெளிக்காற்று 14.7 பி.எஸ்.ஐ., 1868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் ஏறக்குறைய 11.8. அதாவது இரண்டு வீட்டிலும் முள் 12ல் நின்றாலும் உங்கள் கெக்குக்குள் 3 பி.எஸ்.ஐ. குறைவு. 2000 அடிக்கு 1 பி.எஸ்.ஐ. கூட்டுவது கணக்கு. 3 பாகையில் கொழும்புப் பக்கம் 11, 12 போதும், உங்களுக்கு 14, 15 வேண்டும்.

ஆனால் ட்யூபை மாற்றாமல் 15க்கு ஏற்றினால் பியர் சுவரில் போய் அடிக்கும். ட்யூப்தான் ப்ரேக். கால் அங்குல ட்யூப் அடிக்கு ஒரு பி.எஸ்.ஐ. கூடத் தடுக்காது, 3/16 அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தடுக்கும். பத்து, பன்னிரண்டு அடியில் தொடங்குங்கள், ரொம்ப மெதுவாக வந்தால் அரை அடி அரை அடியாக வெட்டலாம், வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. குடிநீருக்கு என்று விற்கிற ட்யூபையே வாங்குங்கள், சாதாரண ஹார்ட்வெயார் ட்யூபில் பியர் பிளாஸ்டிக் வாசம் அடிக்கும். குழாயை எப்போதும் ஒரேயடியாக முழுதாகத் திறக்க வேண்டும், பாதி திறந்தால் எந்த செட்டப்பிலும் நுரைதான்.

ஹட்டன் வயர்மேன்:
துளைக்கு வருகிறேன். குழாய் கதவில்தான், கதவுக்குள் கூலிங் பைப் ஓடாது. கேஸ் ட்யூபுக்குப் பக்கச் சுவர் வேண்டுமென்றால் முதலில் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் பாருங்கள். கறுப்புக் கம்பிவலை வெளியே தெரிந்தால் பெரும்பாலும் சுவரில் பைப் இருக்காது. தெரியாவிட்டால் சோளமாவை ஸ்பிரிட்டில் தண்ணீர் மாதிரிக் கரைத்துச் சுவரில் தடவிவிட்டு, கம்ப்ரசர் ஓடும்போது கொஞ்சம் எட்ட நின்று பாருங்கள், சூடான பைப் போகிற இடம் மட்டும் முதலில் காய்ந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். கம்ப்ரசர் ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்று இருந்தால் அது தீப்பிடிக்கிற கேஸ், பைப் விஷயம் நிச்சயமாகத் தெரியாமல் ட்ரில்லைத் தொடவே வேண்டாம். ஃப்ரீசர் பெட்டியில் ஐஸைக் கத்தியால் கிளறுவதும் அதே ரகம்.

காபனீரொட்சைட்டு சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி நிமிர்த்தி வையுங்கள். குளிருக்காக ஜன்னல் எல்லாம் சாத்தித் தூங்குகிற ஊர், அந்தக் கேஸுக்கு வாசமும் கிடையாது, கசிந்தால் தரையோடு தேங்கும். படுக்கையறையில் வைக்கவே கூடாது. மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவிப் பார்த்துவிட்டு, ஊற்றாத நேரம் வால்வைப் பூட்டுங்கள்.

மேக்கணக்கு:
ட்யூப் கண்டியில் கிடைத்தது. பியர் 3 பாகை, ரெகுலேட்டர் 14. இரண்டு விரல் நுரையோடு சரியாக வருகிறது! சாயந்தரம் ஊற்றுகிற முதல் கிளாஸ் மட்டும் இன்னும் கொஞ்சம் பொங்குகிறது. சிலிண்டரையும் உள்ளே வைத்தால் என்ன என்று யோசிக்கிறேன், சுவரில் துளையே வேண்டாமே.

பண்டாரவளை சோடாக்கடை:
தாராளமாக வைக்கலாம். ஆனால் சிலிண்டர் குளிர்ந்ததும் அதன் முள் நன்றாக இறங்கும், கேஸ் தீர்ந்துவிட்டது என்று பதறாதீர்கள். உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதைத் தராசில் நிறுத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். முதல் கிளாஸுக்குக் காரணம் மேலே கிடக்கிற ட்யூப், ஃப்ரிட்ஜுக்குள் அடிப்பக்கத்தை விட மேல்பக்கம் சூடு. பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை அடியில் மேல்நோக்கி வையுங்கள்.

ஹட்டன் வயர்மேன்:
கதவுக்கு ஒரு அங்குல ஹோல் சோ (ட்ரில்லில் மாட்டி வட்டமாக அறுக்கிற வாள்) போதும். முதலில் மெல்லிய ட்ரில்லால் நேராக ஒரு துளை. அப்புறம் வெளித் தகட்டை வெளியிலிருந்தும், உள் பிளாஸ்டிக்கை உள்பக்கமிருந்தும் அறுங்கள். ஒரே பக்கமிருந்து அமுக்கினால் பழைய பிளாஸ்டிக் வெடித்துவிடும்.