சுகர் பீன்ஸ் வேகவே இல்லை, கையில் 520 ரேண்ட், இன்னும் 16 நாள்: டர்பனில் மாணவர் சமையலுக்கு உதவி தேவை

நெல்லைத்தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் வெஸ்ட்வில் பக்கம் தங்கி எம்.எஸ்சி. படிக்கிறேன். வந்து நான்கு மாதம் ஆகிறது. உதவித்தொகை இந்த முறை தாமதம், இன்னும் 16 நாள் பொறுக்கச் சொல்கிறார்கள். வாடகை கட்டியாகிவிட்டது. மிச்சம் 520 ரேண்ட், சாப்பாடும் மின்சாரமும் இதற்குள்தான்.

என்னிடம் இருப்பது இரண்டு தட்டு வைத்த மின் அடுப்பு, ஒரு பெரிய பாத்திரம், ஒரு வாணலி, ஒரு மொட்டைக் கத்தி. குக்கர், மிக்ஸி கிடையாது. ஃபிரிட்ஜ் ஐந்து பேருக்குப் பொது. மீட்டர் ப்ரீபெய்டு. யூனிட் வேகமாகத் தீர்ந்தால் மற்ற நால்வரும் என் அடுப்பைத்தான் பார்க்கிறார்கள்.

இரண்டு முறை சமைத்து இரண்டும் வீண். சுகர் பீன்ஸ் (ராஜ்மா மாதிரி உலர்ந்த பீன்ஸ்) மலிவாகக் கிடைத்தது என்று ஒரு கிலோ வாங்கினேன். ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் தக்காளி, புளித்தண்ணீர், மசாலா எல்லாம் ஒன்றாகப் போட்டு இரண்டரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். கோலிக்குண்டு மாதிரி அப்படியே கிடந்தது. அடுத்த நாள் மீலி மீலை ரவை என்று நினைத்துக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டி உப்புமா கிண்டினேன். கட்டி கட்டியாக வந்தது. வெளியே பசை, உடைத்தால் உள்ளே வறண்ட மாவு.

பத்து நாளாக நூடுல்ஸும் வெள்ளை பிரெட்டும்தான். வயிறு கோபித்துக்கொண்டுவிட்டது. முட்டை, மீன் சாப்பிடுவேன். கோழி இப்போதைக்குக் கட்டுப்படியாகாது. என்ன வாங்குவது, எப்படிச் சமைப்பது?

குக்கர் இல்லாதவன்:

பீன்ஸ் மேல் தப்பில்லை, புளி மேல்தான் தப்பு. புளியும் தக்காளியும் முதலிலேயே விழுந்தால் பீன்ஸ் இளகாது. அதன் சதையைக் கட்டிப் பிடித்திருக்கிற பெக்டின் புளிப்பில் கரைய மறுக்கும். வெறும் தண்ணீரில் வேகவைத்து, விரலால் நசுக்கினால் மசிகிற பதம் வந்த பிறகுதான் புளி.

அதே பீன்ஸைக் கொட்டிவிடவில்லையே?

நெல்லைத்தம்பி:

இல்லை. பாதி ஊறாமல் பையில் அப்படியே இருக்கிறது. வெந்ததாகப் பேர் பண்ணியதைத்தான் கொட்டினேன். கேட்கவே கூச்சமாக இருக்கிறது, உப்பும் முதலிலேயே போட்டேன். அதுவும் தப்பா?

மீனவர் தெரு:

உப்புப் போட்டால் பருப்பு வேகாது என்று எங்கள் அம்மா அடித்துச் சொல்வார்கள். கடைசியில் போடுங்கள்.

குக்கர் இல்லாதவன்:

அம்மாக்கள் சொல்வதில் பாதிதான் சரி. ஊறவைக்கிற தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பாருங்கள், தோல் இன்னும் மெத்தென்றுதான் வரும். உப்பு வேறு, புளிப்பு வேறு. பீன்ஸ் ரொம்பப் பழைய சரக்காக இருந்தால் சமையல் சோடா ஒரு சிட்டிகை போடலாம். கூடினால் சோப்பு வாசனை அடிக்கும்.

மின்சாரத்துக்கு என் வழி இது. ஊறிய பீன்ஸை நன்றாகக் கொப்பளிக்க அரைமணி வேகவைத்து, மூடியைத் திறக்காமல் அப்படியே தூக்கி, துண்டு சுற்றி, பழைய போர்வையில் பொதிந்து அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுவேன். நாலு மணி நேரம் கழித்து வந்தால் முக்கால்வாசி வெந்திருக்கும். மறுபடி கொதிக்கவைத்துத் தாளித்தால் குழம்பு. லோட்ஷெடிங் (முறை வைத்து மின்வெட்டு) உச்சத்தில் இருந்த 2023-ல் எங்கள் அறையில் பாதிச் சமையல் போர்வைக்குள்தான் நடந்தது.

நெல்லைத்தம்பி:

பக்கத்து அறைக்காரர் ஸ்லோ குக்கர் வைத்திருக்கிறார், இரவல் தருவார். ஊறிய பீன்ஸை நேரே அதில் போட்டு விட்டுவிட்டால் மின்சாரம் இன்னும் மிச்சமாகுமா?

மாரிட்ஸ்பர்க் நர்ஸ்:

நேரே போடாதீர்கள். சிவப்பு பீன்ஸ், சுகர் பீன்ஸ் வகையறாவில் லெக்டின் என்று ஒரு நஞ்சு உண்டு. கொதிக்கிற தண்ணீரில்தான் அது அழியும். ஸ்லோ குக்கர் அந்தச் சூட்டுக்கு ஏறாமலே மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக வைத்திருக்கும். வெந்த மாதிரி தெரியும், சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஐந்து மணி நேரமாவது ஊறவையுங்கள், ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், புதுத் தண்ணீரில் அரைமணி துள்ளத் துள்ளக் கொதிக்க விடுங்கள். அதன் பிறகு ஸ்லோ குக்கரோ போர்வையோ உங்கள் விருப்பம். உங்கள் வயிறு ஏற்கெனவே கோபத்தில் இருக்கிறது என்றீர்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த் அக்கா:

தம்பி, உன் உப்புமாவை நினைத்துச் சிரித்துவிட்டேன், கோபிக்காதே. மீலி மீல் ரவை இல்லை, மக்காச்சோள மாவு. மாவை யாராவது நேரே கொதிதண்ணீரில் கொட்டுவார்களா? ராகி மாவைக் கொட்டுவாயா? முதலில் பச்சைத் தண்ணீரில் தோசைமாவு பதத்துக்குக் கரைத்துக்கொள். அப்புறம் கொதிக்கிற தண்ணீரில் ஒரு கையால் ஊற்றி மறு கையால் கிண்டு. கட்டி தட்டாது.

எங்கள் ஆயா வீட்டில் அதைப் புளிக்கவைத்துக் கூழாகத்தான் குடிப்போம். ஒரு கப் மீலி மீலை ஒன்றரைக் கப் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, மூடி, ஒரு நாள் அப்படியே விடு. இந்த ஊர் வெயிலுக்கு ஒரு நாள் தாராளம், லேசான புளிப்பு வாசனை வந்தால் போதும். நாலு கப் தண்ணீரைக் கொதிக்கவைத்து, இந்தக் கரைசலை ஊற்றிக் கிண்டி, அடுப்பைக் குறைத்து இருபது நிமிடம் விடு. ஆறியதும் மாஸ் ஊற்றிக் கரைத்து, சின்னதாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு. காலையில் ஒரு சொம்பு குடித்தால் மத்தியானம் வரை பசி எட்டிப்பார்க்காது. கடையில் 'சூப்பர்', 'ஸ்பெஷல்' என்று இரண்டு தினுசு இருக்கும். கூழுக்குக் கொஞ்சம் கரடான ஸ்பெஷல்தான் எனக்குப் பிடிக்கும்.

உப்புமாதான் வேண்டும் என்று நாக்கு அடம் பிடித்தால் மீலி ரைஸ் வாங்கு. அரிசி இல்லை, உடைத்த மக்காச்சோளம், நம் நொய் மாதிரி. கடுகு, வெங்காயம் தாளித்து ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீர் வைத்தால் இருபத்தைந்து நிமிடத்தில் உதிரி உதிரியாக வரும்.

1860-ல் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களுக்கும் உன்னைப் போல அரிசி வாய்தான். கையில் கிடைத்தது மீலி. ராகியும் கம்பும் இருந்த இடத்தில் மீலியை வைத்துக் கூழ் காய்ச்சினார்கள். இன்றும் எங்கள் பக்கத்து மாரியம்மன் கோயில்களில் ஆடி மாதம் ஊற்றுவது மீலிக் கூழ்தான், ஊரே அதைப் 'பாரிட்ஜ் பிரேயர்' என்று சொல்லும். ஆடி வரை இருந்தால் கோயிலுக்கு வா. அன்றைக்குச் சாப்பாட்டுச் செலவு கிடையாது.

நெல்லைத்தம்பி:

அக்கா, மாஸ் என்றால் தயிரா? பால் பக்கத்தில் பார்த்தேன், கெட்டுப்போன பால் என்று நினைத்து நகர்ந்துவிட்டேன்!

சாட்ஸ்வொர்த் அக்கா:

புளித்த பால் தம்பி. அமாசி என்றும் எழுதியிருக்கும். நம் தயிர் மாதிரிதான், கெட்டியாக, புளிப்பாக இருக்கும். தயிர்சாதத்துக்கு அதையே ஊற்று, மோர்க்குழம்புக்கும் அதுதான். கப்பில் வருகிற யோகர்ட்டை வாங்கிக் காசைக் கரைக்காதே.

கணக்குப்பிள்ளை:

அக்கா சொன்னதில் ஒரு கணக்கும் இருக்கிறது. இங்கே வாட் வரி 15 சதவீதம், 2018 ஏப்ரலிலிருந்து. ஆனால் ஏழைகளின் அடிப்படை உணவு என்று சில பொருள்களுக்கு வரி பூஜ்யம். மீலி மீல், மீலி ரைஸ், சாம்ப் (தோல் நீக்கி உடைத்த மக்காச்சோளம்), அரிசி, உலர்ந்த பீன்ஸ், பருப்பு, முட்டை, பால், மாஸ், பால்பவுடர், சமையல் எண்ணெய், காய்கறி, பழம், பில்சர்டு (மத்தி வகை) மீன் டின், பழுப்பு பிரெட் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. வெள்ளை பிரெட்டுக்கும் நூடுல்ஸுக்கும் யோகர்ட்டுக்கும் வரி உண்டு. தம்பி பத்து நாளாக வரி கட்டிக்கொண்டே பட்டினி கிடந்திருக்கிறார்!

பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். எதற்கெல்லாம் வாட் பிடித்தார்கள் என்று பெரும்பாலும் அதிலேயே தெரியும். நான் இந்தப் பட்டியலைத் தாண்டாமல்தான் மூன்று வருடம் ஓட்டினேன்.

520-ஐ 16-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு முப்பத்திரண்டரை. விலை கடைக்குக் கடை மாறும், அதனால் பங்காகச் சொல்கிறேன். 100 ரேண்டை மின்சாரத்துக்கு ஒதுக்கி மறந்துவிடுங்கள். 270-க்கு ஒரே தடவையில் உலர் சாமான், எண்ணெய், முட்டை, இரண்டு மீன் டின். மிச்சம் 150-ஐ வாரத்துக்கு 75 என்று காய், மாஸ், பழுப்பு பிரெட்டுக்கு. பீன்ஸ் அரைக்கிலோ கையில் இருக்கிறதே, அது லாபம். தினமும் கடைக்குப் போகாதீர்கள். போனால் பிஸ்கட் கையில் ஒட்டிக்கொண்டு வரும், என் அனுபவம்.

காய்க்கு வார்விக் பக்கம் இருக்கிற எர்லி மார்னிங் மார்க்கெட்டுக்குச் சனிக்கிழமை காலையில் போங்கள். டாக்ஸிக் காசு சேர்த்துப் பார்த்தால் தனியாகப் போவது நஷ்டம். அறைத்தோழர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பங்கு போட்டால் கட்டுப்படியாகும். முட்டைகோஸ், உருளை, வெங்காயம் மூன்றும் ஃபிரிட்ஜ் இல்லாமலே தாங்கும்.

சாட்ஸ்வொர்த் அக்கா:

கீரையை விட்டுவிட்டாரே. இங்கே கீரையை 'ஹெர்ப்ஸ்' என்பார்கள், மார்க்கெட்டில் அப்படிக் கேள். ரெட் ஹெர்ப்ஸ் என்றால் நம் தண்டுக்கீரை மாதிரி. பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு வதக்கினால் கூழுக்குச் சரியான ஜோடி.

மீன் டின் குழம்பையும் சொல்லிவிடுகிறேன். தக்காளிச் சாறில் போட்ட பில்சர்டு டின்னாக வாங்கு, தனியாகத் தக்காளி தேவைப்படாது. வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை வதக்கி, மசாலா போட்டு, புளி ஊற்றி நன்றாகக் கொதித்துப் பச்சை வாசனை போன பிறகுதான் மீன். ஏற்கெனவே வெந்த மீன், ஐந்து நிமிடம் போதும், கரண்டி போட்டுக் கிளறினால் தூளாகிவிடும். முள்ளை எடுக்காதே, மெத்தென்று இருக்கும், கால்சியமும் அதில்தான். ஒரு டின் உனக்கு நாலு வேளைக்கு வரும். டின்னில் மிச்சம் வைக்காமல் பாத்திரத்துக்கு மாற்று.

மீனவர் தெரு:

வாரத்தில் ஒரு நாள் சமைக்க முடியாமல் சோர்ந்து போனால் கால் ரொட்டி பீன்ஸ் பனி சாவ் (bunny chow) வாங்குங்கள், ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி ஊற்றித் தருவது. பெயரில் முயல் இருந்தாலும் உள்ளே பீன்ஸ் கறிதான், ஆட்டுக்கறி பனியைவிட நல்ல மலிவு. ஒருவருக்குக் கால் ரொட்டியே வயிறு நிறைய.

நெல்லைத்தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னொரு சந்தேகம். சோறு மொத்தமாக வடித்தால் மின்சாரம் மிச்சம். ஊரில் போல ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பழையது சாப்பிடலாமா?

மாரிட்ஸ்பர்க் நர்ஸ்:

பழைய சோற்றின் மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் மத்தியானம் வடித்த சோற்றை ராத்திரி வரை மேசையில் வைத்திருந்து அப்புறம் தண்ணீர் ஊற்றுவது வேண்டாம். வெதுவெதுப்பான சோற்றில் ஒரு கிருமி வளர்ந்து நஞ்சு விடும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. வடித்ததும் தட்டில் பரப்பி ஆறவையுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாளே முடித்துவிடுங்கள். பழையது வேண்டுமென்றால் ராத்திரி வடித்து, ஆறிய உடனே சுத்தமான தண்ணீர் ஊற்றி, அதையும் ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். புளிப்புக்கு அக்காவின் மாஸ் இருக்கிறது.

குக்கர் இல்லாதவன்:

பொது ஃபிரிட்ஜில் டப்பாவின் மேல் தமிழில் பெயர் எழுதி வைக்காதீர்கள். நான் எழுதினேன், யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை, சாப்பிட மட்டும் தெரிந்தது.

நெல்லைத்தம்பி (பன்னிரண்டு நாள் கழித்து):

நிலவரம் சொல்ல வந்தேன். பீன்ஸ் வெந்துவிட்டது! அரைமணி கொதி, நாலு மணி நேரம் போர்வை, மறுபடி கால்மணி கொதி, கடைசியில் புளி. போர்வையில் மட்டும் இன்னும் மசாலா வாசனை வருகிறது.

கூழ் முதல் தடவை அதிகம் புளித்துவிட்டது, இரண்டு நாள் விட்டது என் தப்பு. இரண்டாம் தடவை சரியாக வந்தது. ஸூலு அறைத்தோழன் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, எங்கள் பாட்டி வீட்டுக் கஞ்சி உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். சர்க்கரை போட்டு இரண்டு கிண்ணம் குடித்துவிட்டான். மறுநாள் அவனே ஒரு பை மீலி மீல் வாங்கி வந்து வைத்தான், அதனால் கணக்கில் கொஞ்சம் மிச்சம். கையில் 94 ரேண்ட் இருக்கிறது, நாலு நாள் தள்ளிவிடலாம். கணக்குப்பிள்ளை அண்ணா, ஒரே ஒரு தடவை பிஸ்கட் வாங்கினேன், ஒத்துக்கொள்கிறேன்.

புதுப் பிரச்சினை ஒன்று. சனிக்கிழமை மார்க்கெட்டில் மாடும்பி என்று சேப்பங்கிழங்கைக் கூறு கட்டி விற்றார்கள். ஆசையாக வாங்கி வந்து தோல் சீவிக்கொண்டிருக்கிறேன். முழங்கை வரை அரிக்கிறது. என்ன செய்வது?

சாட்ஸ்வொர்த் அக்கா:

பச்சையாகச் சீவினாயா? கையைக் கழுவித் துடைத்துவிட்டு எண்ணெய் தடவிக்கொள். மிச்சத்தைத் தோலோடு வேகவை, தானே உரியும். புளி அப்புறம்.