கோவை மாடியில் காலிஃபிளவர் இலையோடு நிற்கிறது: குளிர்காலத்தில் எங்கே தவறினேன்?

கேள்வி (வடவள்ளி, கோவை, தை 10)

அனைவருக்கும் வணக்கம். பதினாறு ஆண்டுகள் சென்னையில் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, சென்ற வைகாசியில் வடவள்ளிக்குக் குடிவந்தோம். மருதமலை தெரிகிற மொட்டை மாடி. அதைப் பார்த்த அன்றே 40 வளர்ப்புப் பைகள் வாங்கிவிட்டேன். தெற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக வைத்தேன். ஆடியில் விதைத்த வெண்டையும் கத்தரியும் அங்கே அருமையாகக் காய்த்தன.

அந்தத் துணிச்சலில் குளிர்காலக் காய்களுக்கு இறங்கினேன். இப்போதைய நிலை இது.

காலிஃபிளவர் எட்டுச் செடிகள். ஐப்பசி முடியும்போது விதைத்து, மார்கழி தொடக்கத்தில் நட்டேன். பாக்கெட்டில் 'ஸ்னோபால்' என்று போட்டிருந்தது. இலை முழங்கை நீளத்துக்கு வந்துவிட்டது, பூ மட்டும் இல்லை. என் மகள் பள்ளி விட்டு வந்ததும் ஒவ்வொரு செடியிலும் இலையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குகிறாள்.

கேரட்டைக் குழித்தட்டில் முளைக்க வைத்து எடுத்து நட்டேன். பிடுங்கிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால், மூன்று கால்.

மாமியார் ஆடியில் ஊன்றிய கொடி அவரை ஐப்பசி வரை ஒரு பூ கூட விடவில்லை. வெட்டிவிடலாம் என்றேன், அவர் விடவில்லை. இப்போது கொத்துக் கொத்தாகப் பூ. ஆனால் காம்பு முழுவதும் கருப்பாக அசுவினிப் பூச்சி அப்பிக்கிடக்கிறது.

தக்காளி மட்டும் குறை வைக்கவில்லை. பராமரிப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். குளிர் போதவில்லையா, அதிகமாகிவிட்டதா? இந்தப் பருவத்தில் இன்னும் எதையாவது காப்பாற்ற முடியுமா?

பதில் 1 (சிங்காநல்லூர், கோவை)

தம்பி, உங்கள் மாமியாரிடம் முதலில் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த அவரையை வெட்ட விடாமல் காத்தாரே, அது பெரிய காரியம்.

நான் பதினோரு வருடமாக மாடியில் காய்கறி வளர்க்கிறேன். முதல் மூன்று குளிர்காலமும் உங்களைப் போலவேதான் போயிற்று. நம் ஊர்க் குளிர் செடியைக் கொல்லும் குளிர் அல்ல. மார்கழி விடியற்காலையில்கூட 17, 18 டிகிரிக்குக் கீழே இறங்குவது குறைவு. நமக்குக் கிடைப்பது கார்த்திகை நடுவிலிருந்து தை கடைசி வரை ஏறத்தாழ எழுபது நாள். அந்த எழுபது நாளுக்குள் செடி பூக்கட்டும் வயதில் இருக்க வேண்டும். குளிர் வந்த பிறகு விதையைத் தேடினால் காலம் கடந்துவிடும்.

காலிஃபிளவரில் எல்லா ரகமும் ஒரே குளிரைக் கேட்பதில்லை. ஸ்னோபால் வகைகளுக்குப் பூக்கட்ட 10 முதல் 16 டிகிரி வேண்டும். அது வட இந்தியக் குளிருக்கும் மலைக்கும் ஏற்ற ரகம். நம் மாடியில் அது இலையாகவே வளர்ந்துகொண்டு போகும், உரம் போட்டால் இன்னும் பெரிய இலையாக. இங்கே 20 டிகிரிக்கு மேலும் பூக்கட்டுகிற முன்பருவ ரகம்தான் வேண்டும். பூசா மேக்னா, பூசா தீபாலி போன்றவை அந்த வகை. கடையில் 'முன்பருவ ரகமா' என்று கேட்டு வாங்குங்கள். வெறும் 'காலிஃபிளவர் விதை' என்று கேட்காதீர்கள்.

நான் புரட்டாசி முதல் வாரத்தில் குழித்தட்டில் போடுகிறேன். 25 முதல் 30 நாளில் நாற்று. ஐப்பசியில் நடும்போது மழை இருக்கும், அதனால் பைகளைச் செங்கல் மேல் ஏற்றி, அடியில் துளை அடைத்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்துவிடுவேன். மார்கழியில் பூ தலைகாட்டும். கோலிக்குண்டு அளவு வந்ததும் உள்ளிலைகளை அதன் மேல் மடக்கி வாழைநாரால் கட்டிவிட்டால் மஞ்சளாகாமல் வெள்ளையாக இருக்கும்.

உங்கள் எட்டுச் செடிகளும் இனிப் பூக்கட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மாசி பிறந்தால் வெயில் ஏறிவிடும். மகளிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு, அவள் கையாலேயே இளம் இலைகளைப் பறிக்கச் சொல்லுங்கள். பொடியாக நறுக்கி, பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பொரியல் செய்தால் முட்டைக்கோஸுக்குச் சற்றும் குறையாது. பிறகு பையைக் காலி செய்து தைப்பட்டத்துக்கு, அதாவது தை மாத விதைப்புக்கு, தயாராகுங்கள். வெண்டை, கொத்தவரை, கத்தரி, பீர்க்கு எல்லாவற்றுக்கும் இப்போது நல்ல நேரம்.

கேரட்டை ஒருபோதும் பிடுங்கி நடக் கூடாது. முதலில் இறங்குகிற அந்த ஒற்றை வேர்தான் கேரட். அதன் நுனி ஒடிந்தால் பக்கத்தில் கிளைத்துவிடும். மக்காத சாணம் கலந்த மண்ணிலும் இப்படித்தான் காலாகப் பிரியும். நேரடியாக விதைத்து, விரல் உயரம் வந்ததும் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள். பீட்ரூட்டையும் கலைத்துவிட வேண்டும். அதில் விதை என்று நாம் ஊன்றுவது ஒரு சிறு கொத்து, ஒரே இடத்தில் இரண்டு மூன்று முளை வரும்.

இனி அவரை. நம் பழைய கொடி அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றினாலும் ஆவணியில் ஊன்றினாலும் ஐப்பசி கார்த்திகைக்கு முன் பூவை எதிர்பார்க்க முடியாது. அதுவரை கொடி தன்னை வளர்த்துக்கொள்கிறது. ஆண்டு முழுவதும் காய் வேண்டுமென்றால் செடி அவரை போடுங்கள். அசுவினி இந்தப் பனிக்காலத்தில் வருவதுதான். முதலில் காலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், பாதி போய்விடும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து, தேனீ அடங்கிய பிறகு மாலையில் தெளியுங்கள். பொறிவண்டு இருக்கும் கொடியைத் தொடாதீர்கள். அதன் புழு முதலையைக் குட்டியாக்கியது போல இருக்கும், பூச்சி என்று நினைத்துப் பலர் நசுக்கிவிடுகிறார்கள். அசுவினியைத் தின்பதே அதுதான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. தெற்குச் சுவரை ஒட்டிப் பைகள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் என் மனம் அங்கேயே நின்றுவிட்டது. ஆடியில் நடுப்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். அப்போது தெற்குச் சுவர் செடிக்குத் தடையில்லை. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். மூன்றடிச் சுவர் இருந்தால் நடுப்பகலிலேயே இரண்டடி நிழல், காலையிலும் மாலையிலும் அதைவிட நீளம். சுவரோரத் தரையில் வெயிலே படாது. ஆடியில் வெண்டை காய்த்த அதே இடத்தில் கேரட் ஏன் நூலாக நிற்கிறது என்று நானும் ஒரு வருடம் முழுக்க மண்ணைத்தான் குறை சொன்னேன்.

பதில் 2 (ஓசூர்)

அக்கா சொன்ன நிழல் கணக்கு என் கண்ணைத் திறந்தது. நன்றி.

பழத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். எங்கள் ஊர் கோவையைவிட உயரம், இரவுகள் இன்னும் குளிர். மூன்று வருடமாக ஸ்ட்ராபெரி வைக்கிறேன். ஐப்பசியில் நாற்று வாங்கி நட்டால் தையில் பழம். நடும்போது குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். முதல் வருடம் ஆழமாகப் புதைத்துப் பன்னிரண்டு செடிகளையும் அழுகவிட்டேன். பழம் மண்ணில் படாமல் வைக்கோல் பரப்புங்கள். பறித்த பிறகு அது பழுக்காது, செடியிலேயே முழுச் சிவப்பாக விட வேண்டும். அதற்குள் அணில் வந்துவிடும் என்பதால் வலை அவசியம். கோவையில் முயன்றால் பங்குனி வெயிலுக்குள் காய்ப்பு முடிந்துவிடும் என்று எண்ணி இறங்குங்கள்.

ஆனால் மாடியில் இடம் ஒன்றே ஒன்றுதான் என்றால் நான் டிரம்மில் கொய்யாதான் வைப்பேன். வைகாசியில் கிளை நுனிகளை வெட்டிக் கவாத்து செய்தால் புதுத் தளிரில் பூத்து, கார்த்திகை முதல் தை வரை பழம் கிடைக்கும். மழைக்காலக் கொய்யாவில் இருக்கும் பழ ஈப் புழு இந்தப் பழத்தில் மிகக் குறைவு. இனிப்பும் அதிகம்.

பதில் 3 (மடிப்பாக்கம், சென்னை)

சென்னையில் எங்களுக்கு அந்த எழுபது நாளும் முழுதாகக் கிடைப்பதில்லை. ஐப்பசி கார்த்திகை மழை நாற்றையே அடித்துக்கொண்டு போகிறது. அதனால் மழை ஓய்ந்த மறுநாள் நேரடியாக விதைக்கக்கூடியதை மட்டும் வைத்துக்கொண்டேன்: முள்ளங்கி, வெந்தயக் கீரை, கொத்தமல்லி. தனியாவை உள்ளங்கையால் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள். தையில் கொத்தமல்லி கட்டு வாங்கியே நான்கு வருடமாகிறது.

ஐயா ஒன்று கவனியுங்கள். குளிர்காலத்தில் மண் மெதுவாகத்தான் காயும். 'பராமரிப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்' என்றால் தண்ணீரும் ஆடி மாத அளவிலேயே போகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது. தேங்காய் நார்க்கழிவு அதிகமுள்ள பையில் மேலே காய்ந்திருக்கும், இரண்டு அங்குலம் கீழே சொதசொதவென்று இருக்கும். விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள், காலையில் மட்டும்.

கேட்டவர் (வடவள்ளி, தை 13)

சிங்காநல்லூர் அக்கா, ஓசூர் நண்பர், மடிப்பாக்கம் ஐயா, மூவருக்கும் நன்றி. நேற்று பன்னிரண்டரை மணிக்கு மகளோடு அளவுநாடாவைப் பிடித்து நிழலை அளந்தேன். சுவர் மூன்றடி, நிழல் ஒன்றே முக்கால் அடி. கேரட் பைகள் ஒன்பதும் அதற்குள்தான் இருந்தன. எல்லாவற்றையும் வடக்குப் பக்கம் மாற்றிவிட்டோம். தண்ணீர் விஷயமும் உண்மை, விரல் ஈரமாகத்தான் வெளியே வந்தது.

காலிஃபிளவர் இலைப் பொரியல் இன்று மதிய உணவில் இருந்தது. ஆறு செடிகளை எடுத்துவிட்டோம். இரண்டை மட்டும் விட்டு வைக்கும்படி மகள் கேட்டாள். விட்டிருக்கிறேன். அவரையில் பொறிவண்டுப் புழு நான்கு கண்டுபிடித்தோம், அந்தப் பக்கம் வேப்பெண்ணெய் அடிக்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி. தென் ஓரம் இப்போது காலியாக இருக்கிறது. அங்கே என்ன வைக்கலாம்?

பதில் 1 (சிங்காநல்லூர்)

புதினா வைத்தால் போதும், தம்பி. அரை நிழலில் அது நன்றாகவே வரும். கடைக் கட்டிலிருந்து தடித்த தண்டு நான்கைக் கிள்ளி ஊன்றுங்கள். சித்திரையில் சூரியன் தலைக்கு மேல் வந்ததும் அதை உள்ளே தள்ளிவிட்டு வெண்டைப் பைகளை அங்கே கொண்டுபோகலாம். அந்த இரண்டு செடிகளை மகள் விருப்பப்படி விடுங்கள். புரட்டாசியில் விதை போடும்போது அவளையே போடச் சொல்லுங்கள்.