விக்டர் தரையை விட்டு எழும்பியது: தப்பு கையிலா, விமானத்திலா?

ரன்வேராஜா:
"பழைய போர் விமானம் தரையில் விபத்துக்குள்ளானால் விமானத்தின் வயதுதான் காரணம், விமானியைக் குறை சொல்வது சோம்பேறித்தனம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு உதாரணமாக விக்டர் என்ற பழைய குண்டுவீச்சு விமானத்தையா காட்டுவது! 2009 மே 3, இங்கிலாந்தின் பிரண்டிங்தார்ப். பறக்க அனுமதியே இல்லாத, 1993க்குப் பிறகு பறக்காத விமானம் அது. கூட்டத்துக்காக ஓடுபாதையில் வேகமாக ஓட்டிக் காட்டினார்கள், எழும்பிவிட்டது. பவரைக் குறைக்கச் சொன்ன பிறகும் துணை விமானி த்ராட்டிலை, அதாவது எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை, பின்னால் இழுக்கவில்லை. விமானத்துக்கு ஒரு கோளாறும் இல்லை.

பழைய இறக்கை:
எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். குண்டு இல்லை, எரிபொருள் கொஞ்சம், நான்கு கான்வே எஞ்சின்கள். அவ்வளவு லேசான விக்டர் எழும்பத்தான் செய்யும். பக்கக் காற்று வேறு. பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையமே நடவடிக்கை எடுக்கவில்லையே!

ரன்வேராஜா:
வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் விட்டார்கள், தப்பே இல்லை என்று சொல்லவில்லை. த்ராட்டில் மேல் இருந்தது யார் கை? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கார்த்தி_மதுரை:
ராஜா அண்ணா, 2022ல் இங்கிலாந்தின் வெல்ஸ்போர்னில் வல்கன் என்ற இன்னொரு பழைய குண்டுவீச்சு விமானம் ஓடுபாதை முடிந்தும் நிற்காமல் போனதே? அங்கே வேகமானி வேலை செய்யவில்லை. அது இயந்திரக் கோளாறுதானே?

ரன்வேராஜா:
தம்பி, முழு பவரை இரண்டு நொடி கூடுதலாக வைத்திருந்ததாக அந்த விமானத்தைப் பராமரிப்பவர்களே சொன்னார்கள். முள் அசையவில்லை என்றால் பவரை எடுக்க வேண்டியதுதானே? அங்கேயும் த்ராட்டில், அங்கேயும் கை.

பழைய இறக்கை:
நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இரண்டு நொடிக்குக் கணக்குப் பார்ப்பது சுலபம். 2017ல் பிரான்ஸின் லாங்குயோனில் மூக்குக் குத்திக் கவிழ்ந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் புரொப்பெல்லருக்கு நான்கு பிளேடு என்று எழுதிய நிபுணர்தானே நீங்கள்? ஐந்து பிளேடு சார். இன்றுவரை திருத்தவில்லை.

ரன்வேராஜா:
பிளேடு பேச்சை எதற்கு இழுக்கிறீர்கள்? கேட்டது த்ராட்டில்.

லதா:
உயிர் போன விபத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 2006, அமெரிக்காவின் ஆஷ்காஷ். தரையில் மெதுவாக நகர்ந்து (டாக்சி செய்து) கொண்டிருந்த அவெஞ்சர் என்ற பழைய போர் விமானத்தின் புரொப்பெல்லர், முன்னால் நின்ற சின்ன விமானத்தை வெட்டியது. அதில் இருந்த பயணி இறந்துபோனார். அவெஞ்சர் போல வாலுக்கு அடியில் சின்னச் சக்கரம் உள்ள விமானத்தில் மூக்கு மேலே தூக்கி நிற்கும், நேரே முன்னால் தெரியாது. வளைந்து வளைந்து போய்ப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே நகர வேண்டும். இதில் த்ராட்டில் எங்கே வந்தது?

ரன்வேராஜா:
லதா மேடம், அதுவும் விமானி பார்க்காமல் விட்டதுதான். என் பக்கம்தான் பேசுகிறீர்கள்.

லதா:
உங்கள் பக்கம் பேச நான் வரவில்லை.

பழைய இறக்கை:
முன்னால் தெரியாதபடி மூக்கை அமைத்தது விமானியா? வடிவமைப்பு சார், வடிவமைப்பு! விக்டரைப் பத்திரமாக இறக்கிய பாப் ப்ராதரோவும் விமானிதான். அதை மட்டும் வசதியாக மறந்துவிடுவீர்கள்.

ரன்வேராஜா:
அவர் இறக்கியதை யார் மறுத்தார்கள்? ஏறவே கூடாத விமானம் அது. மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்: த்ராட்டில் மேல் யார் கை?

பழைய இறக்கை:
முதலில் ஐந்து பிளேடு என்று திருத்துங்கள், அப்புறம் கை பற்றிப் பேசலாம்.