போட் ட்ரெய்லர் ஹப் கை வைக்க முடியாத சூடு, அவசரம்

நீலமீன்:
வணக்கம், போட்டை இழுத்துட்டு போறேன், பாதி வழில ஏதோ கருகுற வாடை, ஓரங்கட்டி பாத்தா இடது பக்க ஹப்புல (சக்கரத்து நடுவுல பேரிங் இருக்கிற பாகம்) கை வைக்க முடியல, லேசா புகை வேற. வீல் உள்பக்கம் பூரா கிரீஸ் தெறிச்சு கெடக்கு. மெதுவா ஓட்டிட்டே போயிடலாமா இல்ல இங்கயே நிக்கணுமா? ட்ரெய்லர் நல்ல கண்டிஷன் தான். சீக்கிரம் சொல்லுங்க, போன்ல சார்ஜ் கம்மி.

திருகாணி:
பிரேக் உள்ள ட்ரெய்லரா? ஒரு ஆக்சிலா ரெண்டா? வலது பக்கம் தொட்டு பாத்தீங்களா? பேரிங் கடைசியா எப்ப கழட்டினீங்க? இது எதுவும் தெரியாம என்னன்னு சொல்றது.

கரைவலை:
டயர்ல காத்து கம்மி ப்ரோ, நூத்துக்கு தொண்ணூறு அதான். ட்ரெய்லர் டயருக்கு கார் அளவு பத்தாது, சைடுல போட்டிருக்கிற அதிகபட்ச அளவு வரைக்கும் அடிக்கணும், அதுவும் டயர் ஆறியிருக்கும்போது.

திருகாணி:
காத்து கம்மின்னா டயர் சூடாகும் சரி, ஹப்புலருந்து கிரீஸ் எப்படி தெறிக்கும்?

மூத்தமாலுமி:
மறுபடியும் இதே கேள்வி. பழைய இழைகளை யாரும் படிக்கிறதே இல்ல போல. ஓடி சூடான ஹப்பை அப்படியே தண்ணில இறக்கினா உள்ள இருக்கிற காத்து சுருங்கி பின்பக்க சீல் (கிரீஸ் வெளிய வராம அடைக்கிற வளையம்) வழியா தண்ணிய இழுக்கும். கிரீஸ் பால் மாதிரி வெளுக்கும், பேரிங் துருப்பிடிக்கும், கடைசில இங்க வந்து அவசரம்னு இழை போடுவாங்க. போட் வாங்க தெரிஞ்சா போதுமா.

துடுப்பு:
மனுஷன் ரோட்ல நிக்கிறாரு, பாடத்தை அப்புறம் எடுங்க சார். நீலமீன், ஓட்டவே ஓட்டாதீங்க, பேரிங் சிக்கினா ஸ்பிண்டில் (ஹப் மாட்டியிருக்கிற ஆக்சில் முனை) தேஞ்சு சக்கரமே கழண்டு ஓடிடும். நல்லா தள்ளி நிறுத்தி ஹசார்ட் போட்டு முக்கோணத்தை பின்னாடி தூரமா வைங்க, கூட இருக்கிறவங்க வண்டிக்குள்ள உக்கார வேணாம், ரோட்டை விட்டு விலகி நிக்கட்டும். ஹப்புல தண்ணி ஊத்தாதீங்க. ஆறினதும் ட்ரெய்லரை கார்லருந்து கழட்டாம, அடுத்த சக்கரத்துக்கு கட்டை வெச்சுட்டு ஜாக்கி போடுங்க. டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தாலோ சுத்தும்போது கரகரன்னாலோ பேரிங் தான்.

நீலமீன்:
ஒரு ஆக்சில், பிரேக் இல்ல. வலது பக்கம் லேசா வெதுவெதுப்பு, அவ்ளோதான். வாங்கினதுலருந்து ஹப் கழட்டல, ஆனா ஹப் முனைல இருக்கிற ஸ்பிரிங் மூடி வழியா கிரீஸ் அடிப்பேன், நேத்து கூட நல்லா அடிச்சேன். கார் ஜாக்கி எட்டல, கார் ஸ்பேனரும் இந்த வீல் நட்டுக்கு சேரல.

மூத்தமாலுமி:
நல்லா அடிச்சேன்னு சொன்னீங்களே, அங்க தான் விஷயம். ஸ்பிரிங் தகடு வெளிய வந்த பிறகும் பம்ப் பண்ணா பின் சீல் பிதுங்கிடும். அந்த மூடிய கண்டுபிடிச்சவனை சொல்லணும். கிரீஸுக்கு பதிலா ஆயில் ஊத்துற ஆயில் ஹப் போட்டா கண்ணாடி மூடி வழியாவே உள்ள பாத்துக்கலாம்.

கரைவலை:
மூடி மேல ஏன் பழி போடுறீங்க, உள்ள கொஞ்சம் அழுத்தம் நின்னா தண்ணி ஏறாது, அதுக்கு தானே அது? நான் வருஷக்கணக்கா அடிக்கிறேன், ஒண்ணும் ஆகல.

மூத்தமாலுமி:
ஒண்ணும் ஆகலன்னு கழட்டி பாத்தீங்களா?

கரைவலை:
ஆயில் ஹப்புல சீல் போனா வழியிலயே காலி, கிரீஸ்னா கொஞ்ச தூரமாச்சும் தாங்கும். இதுக்கு பதில் சொல்லுங்க முதல்ல.

திருகாணி:
ரெண்டு பேரும் தனி இழை போட்டு அடிச்சுக்கங்க. நீலமீன், ஜாக்கிக்கு அடியில கெட்டி பலகை வெச்சா எட்டலாம், ஆனா நட்டு கழட்ட ஸ்பேனரே இல்லாதப்ப வீணா மல்லுக்கட்டாதீங்க, ட்ரெய்லரை மேல ஏத்திட்டு போற வண்டிய கூப்பிடுங்க. விட்டுட்டு போறதா இருந்தா கப்ளர்ல (ட்ரெய்லரை கார்ல மாட்டுற பாகம்) பூட்டு போடுங்க. அடுத்த தடவை கிரீஸ் வெச்ச ஸ்பேர் ஹப் ஒண்ணு, அந்த நட்டு சைஸ் ஸ்பேனர், ட்ரெய்லரை தூக்குற ஜாக்கி, ஸ்டெப்னி, கோட்டர் பின் (ஸ்பிண்டில் நட்டு கழலாம தடுக்கிற பின்) எல்லாம் ஒரே பெட்டில இருக்கட்டும். புது பேரிங் போடும்போது வெளி வளையத்தையும் சேத்து மாத்துங்க, வீலை சுத்திக்கிட்டே ஸ்பிண்டில் நட்டை இறுக்கி, அப்புறம் தளர்த்தி, விரலால மட்டும் திருகி கோட்டர் பின் போடுங்க. இறுக்கி விட்டா மறுபடி இதே கதி.

நீலமீன்:
வண்டி வந்து ஏத்திட்டாங்க. பட்டறைல கழட்டினா பேரிங் நீலம் பூத்து கெடக்கு, பின் சீல் வெளிய பிதுங்கி இருக்கு. நன்றி எல்லாருக்கும்.

துடுப்பு:
வலது பக்கத்தையும் கழட்ட சொல்லுங்க, அதுலயும் அதே பம்ப் தானே அடிச்சீங்க.

கரைவலை:
சீல் பழசாகி பிதுங்கியிருக்கும். போட்டோ போடுங்க, பாத்துட்டு பேசுவோம்.